வாடகை முற்பணம் குறையாமல் திரும்ப: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், நல்லூர்ப் பக்கம் வாடகை வீடு தேடுகிறவர்களில் இடமாற்றம் கிடைத்து வந்த ஆசிரியர்கள், போதனா வைத்தியசாலைத் தாதியர், வங்கி ஊழியர், பல்கலைக்கழக மாணவர்களே அதிகம். மாதச் சம்பளத்தையோ வீட்டிலிருந்து வரும் காசையோ நம்பி இருப்பவர்கள். அவர்கள் கையிலிருந்து ஒரே தடவையில் போகும் பெரிய தொகை முற்பணம்தான். அதற்காக நகையை அடகு வைக்கிற குடும்பங்களும் உண்டு. வெளியேறும் நாளில் "பெயின்ற் அடிக்க வேணும், பம்ப் பழுது, நிலம் வெடிச்சுப் போச்சு" என்று அதில் பாதியைக் கழித்துவிட்டால் அந்த நகையை எப்படி மீட்பது?

இங்கே வீட்டுச் சொந்தக்காரர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வாழும் நாடுகளில் வாடகைக்கு இருப்பவரின் காசுக்குச் சட்டக் காவல் இருக்கிறது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வாங்கிய வைப்புத்தொகையை அரசு அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றில் போட்டுவிட வேண்டும். சுவிற்சர்லாந்தில் அது குடியிருப்பவரின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் இருக்கும்; மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்பு வாங்கவே முடியாது. அதையும் கடைசி மாத வாடகைக்குத்தான் கழிக்கலாம், சேதத்துக்குக் கழிக்க முடியாது. நமது நாட்டில் இப்படியொரு ஏற்பாடு இல்லை. காசு வாங்கியவர் கையிலேயே கிடக்கும். ஆகவே காவலை நாமே கடதாசியிலும் படத்திலும் செய்துகொள்ள வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி குடிபுகும் வாரத்துக்குள் முடிய வேண்டியது.

1. கொடுக்கும் காசு எந்தக் காசு என்பதை முதலில் பிரித்து எழுதுங்கள்.

"ஆறு மாத அட்வான்ஸ்" என்று சொல்லி வாங்குவார்கள். அது மாதாமாதம் வாடகையில் கழியும் காசா, கழியாமல் கடைசியில் முழுதாகத் திரும்பும் காசா? இரண்டும் கலந்ததா? வாய்ப்பேச்சில் இது தெளிவாக இருப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து, கழிந்துவிட்டது என்று ஒருவரும் கழியவில்லை என்று மற்றவரும் நிற்பார்கள். பெரும்பாலான சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெயின்றும் பம்பும் பிறகு வந்து சேர்கிறவை. "மாத வாடகை 30,000 ரூபா. முற்பணம் 180,000 ரூபா. இதில் 90,000 ரூபா முதல் ஆறு மாதத்தில் மாதம் 15,000 ரூபா வீதம் வாடகையில் கழியும். மீதி 90,000 ரூபா வீட்டை ஒப்படைக்கும் நாளில் திருப்பிக் கொடுக்கப்படும்" என்று இலக்கத்தோடு எழுதினால் பிறகு பேச இடமில்லை.

தரகர் காசு தனி. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முற்பணத்தைத் தரகர் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

2. காசு வாங்குகிறவருக்கு அதை வாங்கும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இது மிக முக்கியம். வீட்டைக் காட்டுகிறவர் சொந்தக்காரரின் தமையனாகவோ மாமியாகவோ பக்கத்து வளவுக்காரராகவோ இருப்பார். நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் இரண்டு வருடம் கழித்து அவருக்கும் வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரருக்கும் மனக்கசப்பு வந்துவிட்டால், "நான் அவரிடம் காசு வாங்கச் சொல்லவில்லை" என்று சொந்தக்காரர் சொல்லுவார். "நான் காசை அங்கே அனுப்பிவிட்டேன்" என்று இவர் சொல்லுவார். நீங்கள் இரண்டு பேரிடமும் நடப்பீர்கள்.

அற்றோணித் தத்துவம் இருந்தால் அதன் பிரதியை வாங்குங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுக்கவும், பணம் வாங்கவும் அதில் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். காணி விற்க மட்டும் எழுதப்பட்ட அற்றோணியும் உண்டு. அற்றோணி இல்லையென்றால், சொந்தக்காரர் தன் வட்ஸ்அப் எண்ணிலிருந்து, "என் வீட்டு முற்பணம் இவ்வளவு, இன்னாரிடம் கொடுக்கச் சம்மதம், திருப்பித் தரும் பொறுப்பு என்னுடையது" என்று எழுத்தில் அனுப்பட்டும். குரல் பதிவை விட எழுத்து நல்லது.

உறுதியின் பிரதியையும் கேட்டுப் பாருங்கள். இங்கே பல வீடுகள் சீதன வீடுகள். கணவர் நின்று பேசி வாடகை தீர்ப்பார். உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. ஆகவே இருவரும் கையெழுத்து வைப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. சகோதரர்கள் பங்கு பிரிக்காத வீடு என்றால் இன்னும் கவனம். ஒருவர் வாங்கிய முற்பணத்துக்கு மற்றவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

3. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கும். தெரிந்தவர் மூலம் வந்த வீடு, ஊர்க்காரர், கோயிலில் முகம் பார்க்கிறவர். "காசுக் கணக்கு எழுத்திலை இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே அண்ணை, நாளைக்கு நான் மறந்தாலும் நீங்கள் காட்டலாம்" என்று சொல்லுங்கள். எழுதித் தரக் கோபிக்கிறவர் திருப்பித் தரும்போது அதைவிடக் கோபிப்பார் என்று வைத்துக்கொண்டு வேறு வீடு பாருங்கள்.

சீட்டில் இவ்வளவும் இருந்தால் போதும்:

"... ஆகிய நான் (அடையாள அட்டை இலக்கம் ...), ... வீதியிலுள்ள ... இலக்க வீட்டை வாடகைக்குக் கொடுத்ததற்கு, திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணமாக 90,000 ரூபாவை (தொண்ணூறாயிரம் ரூபா) ... அவர்களிடமிருந்து இன்று ... ஆந் திகதி பெற்றுக்கொண்டேன். வீட்டை ஒப்படைக்கும் நாளில், செலுத்தாத வாடகையும் மின்சாரக் கட்டணமும், சாதாரணத் தேய்மானம் தவிர்ந்த சேதமும் இருந்தால் அவற்றை மட்டும் சீட்டுக் காட்டிக் கழித்து, மீதியைத் திருப்பிக் கொடுப்பேன்."

தொகை இலக்கத்திலும் எழுத்திலும் இருக்க வேண்டும். 25,000 ரூபாவைத் தாண்டிய தொகை என்றால் முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைக்கட்டும். "சாதாரணத் தேய்மானம் தவிர்ந்த" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் பல குறிப்புகள் அவற்றில்தான் நிற்கின்றன.

4. வங்கி வழியாகக் கொடுங்கள்.

உறுதியில் பெயருள்ளவரின் கணக்குக்கு, அல்லது அற்றோணிக்காரரின் கணக்குக்கு. குறிப்புப் பகுதியில் "வீட்டு முற்பணம்" என்று போடுங்கள். "லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு உண்டியலில் போட்டுவிடுங்கோ" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். வங்கிக்கு வெளியே உண்டியலில் போன காசுக்கு நாளைக்கு யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

இணைய விளம்பரத்தைப் பார்த்து, வீட்டுக்குள் கால் வைக்காமல் "பிடித்து வைக்க" என்று காசு போடவும் கூடாது.

5. ஒரு வருடமோ மேலோ இருக்கப் போகிறீர்கள் என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள்.

கடையில் வாங்கிய ஒப்பந்தப் படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாத இரண்டு வருட ஒப்பந்தம் சட்டத்தின் முன் மாதவாடகையாகவே பார்க்கப்படும். "இரண்டு வருடம் இருக்கலாம் என்றுதானே இவ்வளவு முற்பணம் கொடுத்தேன்" என்ற உங்கள் வாதம் அங்கே பலவீனப்படும். காசு கொடுத்ததற்கு அந்தப் படிவம் சான்றாக இருக்கும், ஆகவே எறிந்துவிடாதீர்கள்.

நொத்தாரிசு எழுதிய குத்தகை உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்துவிட்டால் இன்னொரு நன்மை உண்டு. இங்கே வீடு திடீரென்று விற்கப்படுவது சாதாரணம். வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவர் நல்ல விலை கிடைத்தால் விற்றுவிட்டுப் போவார். நமது நாட்டில் நடைமுறையிலுள்ள உரோமன் ஒல்லாந்துச் சட்டப்படி, ஏற்கெனவே இருக்கும் குத்தகை புதிதாக வாங்கியவரையும் கட்டும். ஆனால் முற்பணத்தை யார் திருப்பித் தருவது என்ற கேள்வியை அதற்கு விட்டுவைக்காதீர்கள். "வீடு கைமாறினால் முற்பணம் புதியவருக்கு ஒப்படைக்கப்பட்டு அவரிடமிருந்து எழுத்தில் உறுதி பெற்றுத் தரப்படும், இல்லையேல் விற்கும் நாளிலேயே திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்கிற பேச்சு காதில் விழுந்ததுமே அந்த வரியைக் காட்டிக் கேட்க வேண்டும். உறுதி முடிந்து அவர் விமானம் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

6. தொகையைக் குறைக்கப் பேசுங்கள்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்துகிற வீடுகளில் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது. எல்லா வீட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொருந்தாவிட்டாலும் மூன்று மாதம் என்பது பேசுவதற்கு நல்ல அளவுகோல்.

ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மொத்தமாகக் கொடுக்கிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போனது. அதற்கு முன் கொடுத்த முற்பணத்தை அதற்குப் பின் திரும்ப வாங்கியவர்களுக்கு இலக்கம் சரியாக வந்தது; காசின் பெறுமதி கரைந்துவிட்டது.

என் அபிப்பிராயத்தில் இங்கே மிக நல்ல ஏற்பாடு இது: வெளியேறுவதற்கு முந்திய கடைசி இரண்டு மாத வாடகை முற்பணத்தில் கழியும், ஒரு மாத அளவு மட்டும் சேதத்துக்காக நிற்கும் என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்வது. அப்போது கடைசி நாளில் இழுபறிப்படுவதற்கு இருக்கும் தொகை சிறியது. ஆனால் எழுத்தில் இல்லாமல் நீங்களாகவே "அட்வான்சில் கழியட்டும்" என்று வாடகையை நிறுத்தினால் அது வாடகை நிலுவை ஆகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றம் உங்கள் மேல் விழும்.

7. திறப்பு வாங்கும் நாளிலேயே வீட்டைப் படம் பிடியுங்கள்.

சாமான் இறக்குவதற்கு முன்னால். பகல் வெளிச்சத்தில். முதலில் படலையில் தொடங்கி விறாந்தை, ஒவ்வோர் அறை, குசினி, குளியலறை, மலசலகூடம், கிணற்றடி, பின்வளவு என்று நிறுத்தாமல் ஒரு வீடியோ. பிறகு பழுதுள்ள இடங்களைக் கிட்டத்தில் தனித்தனிப் படங்கள். வெடிப்பைப் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் பிடித்தால் நீளம் தெரியும்.

நம் வீடுகளில் பிறகு வாக்குவாதம் வரும் இடங்கள் இவை: சிவப்புச் சீமெந்து நிலத்தில் வெடிப்பும் தட்டினால் வெற்றோசை கேட்கும் டைல்சும், சுவரடியில் உப்புப் பூத்து உதிரும் பூச்சு, நிலைக்கதவிலும் யன்னல் சட்டத்திலும் கறையான் ஓடிய தடம், ஓட்டுக்குக் கீழே நீர் வடிந்த கறை, குசினியில் விறகடுப்புப் புகை, சாமி அறைச் சுவரில் விளக்குப் புகை, முன்பு இருந்தவர்கள் அடித்த ஆணி ஓட்டைகள்.

குளியலறைக் குழாய்களைக் கிட்டத்தில் பிடியுங்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் கிடக்கும் நீர். குழாய் வாயிலும், ஷவரிலும், கொமட்டிலும் வெள்ளைப் படிவு கட்டுவது அந்த நீரின் இயல்பு. "நீங்கள் தேய்ச்சுக் கழுவேல்லை, எல்லாம் மாற்ற வேணும்" என்று கழிக்க வருவார்கள். நீங்கள் வரும்போதே படிவு இருந்த படம் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

படங்களை உங்கள் கைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே சொந்தக்காரருக்கும், இங்கே அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளருக்கும் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய திகதி உங்களுக்குச் சாட்சி. "அண்ணை, நடு அறைச் சுவரிலை ஏற்கெனவே ஈரம் இருக்குது, படம் அனுப்பியிருக்கிறன், ஒருக்கால் பாருங்கோ" என்று இரண்டு வரி போட்டால் போதும். அவர் "ஓம்" என்று பதில் போட்டால் மிக நல்லது.

8. சாமான் பட்டியல்.

கட்டில், அலுமாரி, குளிரூட்டி, மின்விசிறி, பம்ப், நீர்த்தாங்கி, எத்தனை திறப்பு. வேலை செய்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதி இருவரும் கையெழுத்து.

9. முதல் பெருமழைக்குப் பிறகு இரண்டாம் தடவை பாருங்கள்.

ஆனி, ஆடியில் குடிவந்தவருக்கு எந்த ஓட்டுக்கு இடையில் ஒழுகும் என்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் வீடு தன் பழுதைக் காட்டும். 2008 நவம்பர் நிஷா புயல் வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் கனமழை முடிந்த மறுநாள் ஒழுக்கு, சுவர் ஈரம், வளவில் வெள்ளம் நின்ற உயரம், மலசலகூடக் குழி பொங்கியதா என்று படம் எடுத்து அனுப்புங்கள். தேங்காய் விழுந்து ஓடு உடைந்தாலும், பூனை ஓடி ஓடு விலகினாலும் அன்றைக்கே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு மரச்சலாகை உக்கிப்போனால், "ஏன் சொல்லேல்லை" என்று கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது.

10. பூட்டிய அறை.

வெளிநாட்டுக்காரர்கள் வீட்டைக் கொடுக்கும்போது ஓர் அறையில் தங்கள் சாமான்களை அடுக்கிப் பூட்டிவிட்டுப் போவார்கள். பழைய அல்பங்கள், பட்டுச் சேலைகள், புத்தகங்கள், தேக்கு அலுமாரி. திறப்பு உங்களிடம் இருக்காது. ஐந்து வருடம் கழித்துத் திறந்தால் கறையான் புற்றாக இருக்கும். குற்றம் உங்கள் தலையில்.

அந்த அறையின் திறப்பு தப்பித் தவறியும் உங்களிடம் இருக்கக் கூடாது. பூட்டின் மேல் கடதாசி ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்துப் படம் எடுங்கள். "உள்ளே உள்ளவற்றுக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் திறந்து பார்ப்பார்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிறகு ஆறாவது மாதத்தில் நீங்களே போன் எடுத்து ஞாபகப்படுத்துங்கள். வராவிட்டால், ஞாபகப்படுத்திய செய்தியை அழிக்காதீர்கள். அவர்களுடைய பொருட்களும் நினைவுகளும் அழியாமல் இருப்பது உங்களுக்கும் நல்லதுதான்.

11. வளவுக் கணக்கு.

தேங்காய் யாருக்கு, மாங்காய் யாருக்கு? சின்ன விஷயம் போலத் தெரியும்; ஒரு வளவில் பத்துத் தென்னை நின்றால் சின்ன விஷயமில்லை. "தேங்காய் பிடுங்கி வித்தவை" என்று முற்பணத்தில் கழிக்கும் இடங்கள் உண்டு. மரம் தறிப்பது, வேலி அடைப்பது, மதில் சரிந்தால் கட்டுவது, கிணறு இறைப்பது, மலசலகூடக் குழி நிறைந்தால் பவுசர் கூப்பிடும் செலவு: ஒவ்வொன்றும் யாருடையது என்று ஒரு வரி எழுதுங்கள். வழக்கமாகச் சருகு கூட்டுவதும் வளவைத் துப்புரவாக வைத்திருப்பதும் குடியிருப்பவர் வேலை. மதில், கிணற்றுக்கட்டு, கூரை சொந்தக்காரர் வேலை. சோலைவரியும் அவருடையதே.

12. மின்சாரமும் தண்ணீரும்.

கணக்கு சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். வரும் நாளில் மானியின் இலக்கத்தைப் படம் பிடியுங்கள். கடைசிப் பட்டியலைக் கேட்டு, முன்னவர் நிலுவை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று பாருங்கள். போகும் நாளிலும் மானியைப் படம் பிடியுங்கள். கடைசிப் பட்டியல் நீங்கள் போன பிறகுதான் வரும். அந்தச் சாட்டில் முழு முற்பணத்தையும் பிடித்து வைக்க விடாமல், கடைசி மூன்று பட்டியலின் சராசரியை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். குழாய் நீர் இணைப்பு இருந்தால் அதற்கும் இதே முறை.

13. பழுதைச் சொல்லுவது, திருத்துவது.

போனில் சொன்னாலும் பிறகு ஒரு செய்தியாக எழுதி அனுப்புங்கள். நீங்கள் காசு போட்டுத் திருத்துவதானால், முதலில் சம்மதம் வாங்கி, மேசனிடமோ மின்வேலைக்காரரிடமோ கையெழுத்துச் சீட்டு வாங்குங்கள். பம்ப் எரிந்தால் எரிந்த சுருளைக் கழற்றியவர் காரணத்தைச் சீட்டில் எழுதட்டும். மின்னழுத்தக் குறைவால் எரிந்ததா, தண்ணீர் வற்றிய கிணற்றில் ஓடவிட்டதால் எரிந்ததா என்பதில்தான் செலவு யாருடையது என்ற பதில் இருக்கிறது. கிணறு வற்றும் வறட்சிக் காலத்தில் பம்பைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

14. பெயின்ற்.

கழிப்பதற்கு முதலில் வரும் பெயர் இதுதான். மனிதர் குடியிருந்தால் சுவர் மங்கும். அது சாதாரணத் தேய்மானம். அதற்கு முற்பணத்தைத் தொட நியாயமில்லை. பிள்ளைகள் சுவர் முழுதும் கிறுக்கியிருந்தால், அனுமதி இல்லாமல் கடும் நிறம் அடித்திருந்தால், அது உங்கள் பொறுப்பு.

அப்போதும் முழுச் செலவும் உங்களுடையது ஆகாது. உதாரணத்துக்கு, பெயின்ற் அடித்த கையோடு குடிவந்து நாலு வருடம் இருந்திருக்கிறீர்கள். உட்சுவர்ப் பெயின்ற் ஐந்து வருடம் தாங்கும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால், 90,000 ரூபாச் செலவில் மிச்சமிருந்தது ஒரு வருடப் பங்கு, 18,000 ரூபா. உங்களால் வந்த சேதத்துக்கு அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டு அமைதியாகக் காட்டுங்கள். தென்னங்கயிற்றுக் கட்டில், பழைய மின்விசிறி, பத்து வருடத்துப் பம்ப் எல்லாவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். பழைய பொருளுக்குப் புதுப்பொருளின் விலையைக் கழிக்க இடம் கொடாதீர்கள்.

சாமிப் படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பது பற்றியும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டு அடித்த ஆணிக்கு யாரும் கழிப்பதில்லை.

15. அறை எடுக்கும் மாணவர்களுக்கு.

பல்கலைக்கழகச் சூழலில், பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றி, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பார்கள். ஒருவர் பெயரில் சீட்டு, எல்லோர் காசும். வருட முடிவில் அவர் போய்விடுவார். ஆளுக்கு எவ்வளவு என்று பெயர்களோடு சீட்டு வாங்குங்கள். இடையில் ஒருவர் போய் இன்னொருவர் வந்தால், போகிறவர் வருகிறவரிடம் காசு வாங்கினால் போதாது. வீட்டுக்காரரும் அந்த மாற்றத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். விடுமுறைக்கும், பல்கலைக்கழகம் மூடியிருக்கும் மாதங்களுக்கும் வாடகை உண்டா என்பதையும் கேட்டு எழுதுங்கள். மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ இருந்து வந்த பிள்ளைக்கு, சோதனை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு காசுக்காகத் திரும்பி வருவது பெரிய அலைச்சல். நம் பிள்ளைகளும் வெளியூரில் அறை எடுத்துப் படிக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரர்கள் நினைக்க வேண்டும்.

16. "பெரிய தொகை தாருங்கோ, வாடகை வேண்டாம்" என்றால் அது ஒற்றி.

தேசவழமையில் பழைய காலம் தொட்டு உள்ள முறைதான்: காசுக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. தொகை பல இலட்சம் என்பதால் இதைச் சாதாரண முற்பணச் சீட்டில் செய்யவே கூடாது. நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அதே வீடு ஏற்கெனவே வங்கியிலோ வேறொருவரிடமோ ஈட்டில் இருக்கிறதா என்று பதிவகத்தில் தேடிப் பார்த்த பிறகே காசு கைமாற வேண்டும்.

17. போகும் நாள்.

குறைந்தது ஒரு மாதம் முன்னால் எழுத்தில் அறிவியுங்கள். ஒரு வாரம் முன்னால் பொறுப்பாளரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டுங்கள். குறை சொன்னால் அதைத் திருத்த உங்களுக்கு அவகாசம் கிடைக்கும், செலவும் உங்கள் கையில் இருக்கும். பன்னிரண்டு ஆணி ஓட்டையை நீங்களே பூசினால் ஆகும் செலவு சில நூறு ரூபா. அதே வேலை பிறகு வேறொரு தொகையாக வரும்.

சாமான் ஏற்றிய பிறகு, வெறும் வீட்டைப் பழைய வீடியோவின் வரிசையிலேயே மறுபடி எடுங்கள். பழைய பட்டியலை இருவரும் வைத்துச் சரிபாருங்கள். திறப்பும் காசும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால், முதல் நாளே வங்கிக்கு அனுப்பட்டும்.

"காசு தராமல் திறப்புத் தரமாட்டேன்" என்று காலம் முடிந்த வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள். குத்தகை முடிந்த கட்டடத்தை விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. வழக்குக்குப் போனால் நீங்கள்தான் பிழைகாரர் ஆவீர்கள். திறப்பைக் கொடுத்து, "திறப்பு பெற்றேன், முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் அன்றே அதைச் செய்தியாக அனுப்புங்கள்.

18. கழித்தால் சீட்டுக் கேளுங்கள்.

ஒவ்வொரு கழிவுக்கும் எந்தப் பொருள், எவ்வளவு பழையது, யார் திருத்தியது, எவ்வளவு என்று எழுத்தில் வரட்டும். "ஒரு ஐம்பதாயிரம் வைச்சிருக்கிறன்" என்ற மொத்தத் தொகையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நியாயமான கழிவு இருந்தால் அதை உடனே ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கும். தகராறு இல்லாத பகுதியை முதலில் தரச் சொல்லுங்கள்.

19. தராமல் இழுத்தடித்தால்.

திகதியும் தொகையும் குறிப்பிட்டு, பதினான்கு நாள் தவணை வைத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பொறுப்பாளருக்கும் சொந்தக்காரருக்கும் தனித்தனியாக. தபால் சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணிகள் அங்கே யாருக்காகவும் வந்து பேச முடியாது. குறித்த தொகைக்கு உட்பட்ட பணத் தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் இங்கே வந்தாக வேண்டும். எங்கே கூடும், விண்ணப்பம் யாரிடம் என்பதைப் பிரதேச செயலகத்திலோ கிராம அலுவலரிடமோ கேட்கலாம். பற்றுச்சீட்டு, இரண்டு வீடியோ, செய்திகளின் அச்சுப் பிரதி, பெயின்ற் கணக்கு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக்கொண்டு போங்கள். ஊர்ப் பெரியவர்களாக இருக்கும் மத்தியஸ்தர்கள் முன்னால் கடதாசி பேசும் அளவுக்குக் கண்ணீர் பேசாது. இணக்கம் வராவிட்டால் இணங்கவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். அதோடு நீதிமன்றம் போகலாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். பொலிஸில் இதைச் சிவில் விஷயம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் உங்கள் சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டினாலோ மிரட்டினாலோ தயங்காமல் அங்கே போய் முறைப்பாடு எழுதுங்கள்.

காலக்கெடுவையும் கவனியுங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட ஆறு வருடம் உண்டு. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம்தான். "அடுத்த திருவிழாவுக்கு வரேக்கை தாறன்" என்று இரண்டு நல்லூர்த் திருவிழா போய்விட்டால், மூன்றாவது வருவதற்கு முன் சட்டத்தரணியைப் பார்த்துவிடுங்கள்.